மழை பெய்தால் அம்மாவும் தூங்குவதில்லை, நாயும் தூங்குவதில்லை. இரண்டும் ஒரே பயமா?

எர்ணாவூர் தேவி:

வணக்கம். எங்கள் வீடு வடசென்னை எர்ணாவூரில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வெறும் தண்ணீர் என்றால்கூடத் தள்ளிவிட்டுப் போயிருப்போம், எண்ணெயோடு வந்தது. சுவரில் விழுந்த கறுப்புக் கோடு இரண்டு முறை பெயின்ட் அடித்தும் உள்ளிருந்து மங்கலாக எட்டிப் பார்க்கிறது. அந்த ராத்திரி அம்மாவும் நானும் மாடிவீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். மணி (நாட்டு நாய், அப்போது ஒரு வயது) கீழே சமையல் மேடைமேல் மாட்டிக்கொண்டது. விடிந்த பிறகுதான் போய்த் தூக்க முடிந்தது. உடம்பெல்லாம் எண்ணெய், கையில் நிற்காமல் வழுக்கியது.

இப்போது பிரச்சினை இதுதான். வாசல் கழுவ ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால், கதவிடுக்கு வழியாக ஒரு கோடு மாதிரி உள்ளே வரும் இல்லையா, அதைப் பார்த்ததும் மணி டிரங்குப் பெட்டிமேல் ஏறிவிடுகிறது. ஏறி நின்று வாயை நக்கும், கொட்டாவி விடும், இறங்கவே இறங்காது. இடிச் சத்தத்துக்குப் பயப்படுவதில்லை. பட்டாசுக்கும் இல்லை. தரையில் ஓடும் தண்ணீருக்கு மட்டும்.

அம்மாவோ, தூறல் போட்டாலே ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்து, லைட் போடாமல், நிலைப்படி ஓரம் தரையை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். காய்ந்துதான் இருக்கும். "இன்னாடி ஈரமா கீது" என்பார். பழைய புடவையைச் சுருட்டிக் கதவடியில் வைத்துவிட்டுப் படுப்பார். மறுபடி எழுந்திருப்பார்.

எலிக்குக் கொடுத்துப் பார்த்த மருந்தைத்தான் மனிதருக்கும் கொடுக்கிறார்கள் என்று எங்கோ படித்தேன். அப்படியென்றால் மணிக்கும் அம்மாவுக்கும் இருப்பது ஒன்றேதானா? சொந்தக்காரர்கள் எல்லாம் "போகப்போகச் சரியாயிடும்" என்கிறார்கள். இரண்டு மழைக்காலம் போய்விட்டது, எதுவும் சரியாகவில்லை.

காசிமேடு பாபு:

நாய்க்கு என்ன டென்ஷன் தங்கச்சி, ஈஎம்ஐயா கட்டுது? கயிறு போட்டுக் கட்டிவச்சு நாலு நாள் தண்ணிய ஊத்துங்க, தெளிஞ்சிடும். அம்மாவுக்கு ஒரு தாயத்து.

பெரம்பூர் எலிக்காரர்:

தேவிம்மா, பாபு தம்பி சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஓட வழியில்லாமல் கட்டிவைத்துப் பயத்தை ஊற்றினால் பயம் முற்றத்தான் செய்யும்.

நான் விஞ்ஞானி இல்லை. 26 வருடம் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்து அனிமல் ஹவுஸில் கூண்டு கழுவி, உமி மாற்றி, எலி தூக்கிக் கொடுத்தவன். எங்களுக்குத் தலைவராக இருந்த மேடம் நல்ல மனுஷி. ஏன் செய்கிறோம் என்று கேட்டால் உட்காரவைத்துச் சொல்வார். அதனால் ஏதோ கொஞ்சம் தெரியும்.

உங்கள் மணியின் கதை நூறு வருடத்துக்கு முன் ரஷ்யாவில் நடந்திருக்கிறது. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் நேவா ஆறு பெருகி, பாவ்லோவின் நாய்க் கொட்டடிக்குள் தண்ணீர் புகுந்தது. நாயும் எச்சிலும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே பாவ்லோவ். தண்ணீர் ஏற ஏற நாய்கள் கூண்டின் உச்சியில் மூக்கை வைத்துக்கொண்டு மிதந்தன. கூண்டுக் கதவு கீழே இருந்ததால், காப்பாற்ற வந்தவர்கள் நாயைத் தண்ணீருக்குள் அமுக்கித்தான் வெளியே இழுக்க வேண்டியிருந்தது. பிழைத்ததில் சில நாய்கள் பழக்கிய பாடத்தையெல்லாம் விட்டுவிட்டன. பொறுமையாகப் பழக்கித் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்புறம் ஒருநாள், வேண்டுமென்றே, அறைக் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டார்கள். அவ்வளவுதான், பழைய கலக்கம் திரும்பி வந்துவிட்டது. மேடம் இதைச் சொல்லும்போது நான் ஹோஸால் கூண்டு கழுவிக்கொண்டிருந்தேன். பைப்பை மூடிவிட்டுத்தான் மீதியைக் கேட்டேன்.

எலி விஷயத்துக்கு வருகிறேன். பிளஸ் மேஸ் என்று ஒன்று உண்டு. கூட்டல் குறி மாதிரி நான்கு கை உள்ள மேடை, தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரம். இரண்டு கைக்குச் சுவர் இருக்கும், இரண்டு கை மொட்டையாக இருக்கும். நடுவில் எலியை விட்டு ஐந்து நிமிடம் ஸ்டாப்வாட்ச் பிடிப்போம். பெரும்பாலும் சுவருக்குள்ளேயே இருக்கும், மொட்டைக் கையில் மூக்கை மட்டும் நீட்டும். டயாசிபாம் மாதிரி பதற்றம் குறைக்கும் மருந்து கொடுத்தால் மொட்டைக் கையில் அதிக நேரம் சுற்றும். 1985-லேயே இதைச் சரிபார்த்து எழுதிவிட்டார்கள். அதற்கு முன்னால், 1934-ல், ஹால் என்ற அமெரிக்கர் எலியைத் திறந்த வட்டத்தில் விட்டு, அது போடும் புழுக்கையை எண்ணினார். பயந்தால் அதிகம் போடும். சிரிக்காதீர்கள், எங்கள் பையன்களும் எண்ணியிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. அந்த எலிக்கு நோய் ஒன்றும் கிடையாது. பருந்து பறக்கும் உலகத்தில் சுவரோரம் ஒதுங்குவது அதன் புத்தி. நாங்கள் அளந்தது அந்த ஜாக்கிரதையைத்தான். மணி பெட்டிமேல் ஏறுவதும் அந்த வகைதான்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. எங்களிடம் ஒரு புதுப்பையன் சேர்ந்தான். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவான், அப்போது அதுதான் பெரும்பாலான இடத்தில் வழக்கம். அவன் தூக்கிய நாளில் மொட்டைக் கைக்கு எதுவுமே போகாது. நான் இரண்டு உள்ளங்கையையும் குவித்து அள்ளுவேன், என் எலி கொஞ்சமாவது போகும். மேடத்திடம் சொன்னேன். "உங்களுக்கு ராசியான கை" என்று சிரித்தார். 2010-ல் இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதையே ஆராய்ந்து வெளியிட்டார்கள். வாலில் தூக்கிய சுண்டெலிக்குப் பதற்றம் அதிகம், குழாயில் ஏறவைத்தோ கை குவித்தோ எடுத்ததற்குக் குறைவு. மேடம் அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். மறுவாரம் பிளாஸ்டிக் குழாய் வந்தது. 2014-ல் கனடாவிலிருந்து இன்னொன்று: ஆண்களின் வாடையே, அவர்கள் போட்ட டீ-ஷர்ட் வாடைகூட, எலிகளைக் கலக்குகிறதாம். இத்தனை வருடம் எந்த எண்ணில் எத்தனை பங்கு மருந்து, எத்தனை பங்கு என் வியர்வை என்று அன்று ராத்திரி யோசித்தேன்.

அதனால் மணியை மட்டும் பார்க்காதீர்கள், மணிக்குப் பக்கத்தில் இருக்கும் கையையும் பாருங்கள். ஸ்வீடனில் 2019-ல் 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்க்கும் பெண்களின் முடியையும் எடுத்து, கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனை அளந்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே ஏறி இறங்கின. நாய்தான் மனிதரைப் பிரதிபலிக்கிறது என்பது அவர்கள் கணிப்பு. அம்மா இருட்டில் எழுந்து தரையைத் தடவும்போது மணி எங்கே நிற்கிறது? ஒரு ராத்திரி முழித்திருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வண்ணாரப்பேட்டை நிலா:

மருந்தியல் படிக்கிறேன். ஐயா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

"ஒன்றேதானா" என்ற அக்காவின் கேள்விக்கு ஜோசப் லெடூ என்ற நரம்பியலாளர் பாதி "ஆம்", பாதி "இல்லை" என்பார். ஆபத்தைக் கண்டு உடம்பு விறைப்பதும் ஒதுங்குவதும் எலிக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே மூளைச்சுற்று. ஆனால் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்ற உணர்வு வேறு, அதை எலியின் நடத்தையை வைத்து அளக்க முடியாது என்பது அவர் வாதம். எலியில் வேலை செய்த மருந்து சில சமயம் மனிதரிடம் சொதப்புவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார். அம்மா நாளைய மழையை இன்றைக்கே நினைத்து முழிக்கிறாரே, அதற்கு பிளஸ் மேஸில் கை கிடையாது.

பாபு அண்ணா, நீங்கள் காசிமேடு என்பதால் இது உங்களுக்கு. 2014-ல் பிரான்சில் கிரேஃபிஷ், நம் இறாலுக்குச் சொந்தக்கார நன்னீர் ஜீவன், அதற்கு லேசாக ஷாக் கொடுத்து, தண்ணீருக்குள் வைத்த பிளஸ் மேஸில் விட்டார்கள். வெளிச்சமான கைப்பக்கம் தலைவைக்கவில்லை. மனிதருக்குக் கொடுக்கும் பதற்ற மருந்தைச் செலுத்தியதும் அந்தக் கைப்பக்கமும் போனது. இறாலுக்கே இருக்கும்போது நாய்க்கு இருக்காதா?

தேவி அக்கா, பாவ்லோவின் நாய்கள் வெள்ளத்தில் மாட்டிய அதே 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண், முயலைக் கண்டு அலறும் பீட்டர் என்ற குழந்தையைப் பழக்கியதை எழுதினார். குழந்தை பிடித்ததைச் சாப்பிடும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, நாளாக நாளாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் தொட்டுவிட்டான். மணிக்கும் அப்படித்தான்: பக்கெட் இல்லை, கால் டம்ளர் தண்ணீர், அதுவும் தூரத்தில், வாயில் பிடித்த தீனி இருக்கும்போது. வாயை நக்க ஆரம்பித்தால் பதற்றம் என்று அர்த்தம், நிறுத்திவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவமனையிலும் ஒருமுறை காட்டுங்கள். அம்மாவை ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். மனிதருக்கான மாத்திரையை நாய்க்குக் கொடுக்க வேண்டாம், ப்ளீஸ்.

எர்ணாவூர் தேவி:

ஐயா, நேற்று ராத்திரி மழை. முழித்திருந்து பார்த்தேன். அம்மா இன்னும் எழுந்திருக்கக்கூட இல்லை, புரண்டுதான் படுத்தார், வளையல் சத்தம் கேட்டது. அதற்கே மணி தலையைத் தூக்கிவிட்டது. அம்மா எழுந்து நிலைப்படிக்குப் போய்க் குனியும்போது இது பெட்டிமேல் இருக்கிறது. அம்மா திரும்பி, "பாரு, அதுக்கே தெரியுது, தண்ணி வருதுடி" என்று என்னை எழுப்புகிறார். தரை காய்ந்துதான் இருந்தது.

நிலா, ஸ்டான்லிக்கு வெள்ளிக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன். "எனக்கு இன்னா பைத்தியமா" என்றார், தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லலாம் என்று சமாதானம் செய்தேன். இன்றைக்குச் சாயங்காலம் மணிக்கு வறுத்த கருவாடு வைத்துவிட்டு, வாசல் மூலையில் கால் டம்ளர் தண்ணீரை ஊற்றினேன். சாப்பிடுவதை நிறுத்தி, பார்த்து, மறுபடி சாப்பிட்டது. பெட்டிமேல் ஏறவில்லை.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா, "வூட்ல இன்னாத்துக்குடி தண்ணிய ஊத்தற" என்று சொல்லிக்கொண்டே இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.