இகுவானா கூண்டின் பிளைவுட் உப்புகிறது: மாற்றுப் பலகை குறித்து ஆலோசனை தேவை

வணக்கம். வேளச்சேரியில் எங்கள் வீட்டில் வளரும் பச்சை இகுவானா என்ற பெரிய பல்லிக்காகத் தச்சரிடம் சொல்லிச் செய்த கூண்டு, அடிப்பகுதியில் நீர் குடித்து உப்பிவிட்டது. ஆறடி உயரம், நான்கடி அகலம், மூன்றடி ஆழம், 18 மி.மீ. மரைன் பிளைவுட்; முன்புறம் நகரும் கண்ணாடிக் கதவு; மேற்பலகையில் வெப்ப விளக்கும் யுவிபி (புற ஊதாக் கதிர்) குழல் விளக்கும்.

சென்னைக் காற்றில் ஈரப்பதத்துக்குக் குறைவில்லை என்றாலும், கோடையில் அந்த அறையில் ஏசி ஓடுவதால் கூண்டுக்குள் அது 45 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. இகுவானாவுக்கு 65 முதல் 75 வரை வேண்டும். ஏசியை நிறுத்தினாலோ நிழல் பக்கமே 34 டிகிரியைத் தாண்டுகிறது. ஈரப்பதத்துக்காகக் கூண்டுக்குள் தண்ணீர் தெளிப்பதைக் குறைத்தபோது உரிந்த தோல் கால்விரல்களைச் சுற்றி வளையமாக இறுகியது. அப்படியே விட்டால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரலையே இழக்க நேரிடும் என்பதால், தெளிப்பதை இனிக் குறைக்க மாட்டேன்.

இணைப்புகளில் சிலிக்கான் அடைத்து, பாலியூரித்தேன் வார்னிஷ் பூசி, தரையில் வினைல் விரிப்பும் போட்டுப் பார்த்தாயிற்று. விரிப்பைத் தூக்கினால் மூலைகளில் கரும்பூஞ்சை; பலகையின் அடுக்குகள் நகம் நுழையும் அளவுக்குப் பிரிந்திருக்கின்றன.

பிவிசி ஃபோம் போர்டு என்ற பிளாஸ்டிக் பலகையில் நீர் இறங்காது. ஆனால் அதிக வெப்பத்தில் அது இளகும். இகுவானா விளக்கின் கீழ் குளிர்காயும் கிளையில் 38 டிகிரிக்கு மேல் போகாவிட்டாலும், விளக்கை ஒட்டிய மேற்பலகை அதைவிட மிக அதிகமாகச் சூடாகிறது.

இதே அளவில் கூண்டு கட்டியவர்கள் சொல்லுங்கள்: வெப்ப விளக்கு மாட்டும் மேற்பகுதிக்கு எந்தப் பொருளைப் பயன்படுத்தினீர்கள்?