இலை எல்லாம் சல்லடை. என்ன மருந்து? அவசரம்

பூவரசு: ஒரு கிழமைக்குள்ள இலை முழுக்க ஓட்டை, நரம்பு மட்டும் நிக்குது. என்ன அடிக்கலாம்? கெதியா சொல்லுங்கோ.

மண்வெட்டி: என்ன செடி? எந்த ஊர்? புழுவோ வண்டோ? இதுகளைச் சொல்லாமல் என்ன மருந்து சொல்லுறது.

கொத்தமல்லி: ஜப்பான் வண்டுதான். காலமை வெள்ளன சவர்க்காரத் தண்ணி வாளிக்குள்ள தட்டி விழுத்துங்கோ.

பூவரசு: வைபர்னம், பூக்கிற புதர்ச்செடி. கனடா, ஒட்டாவா. இலைக்குக் கீழ மஞ்சள் புழு, கறுப்புப் புள்ளியோட.

வேர்முடிச்சு: கொத்தமல்லி, ஜூன் முதல் கிழமையில ஜப்பான் வண்டோ? அதின்ர புழு புல்லுக்கடியில வேர் தின்னும், இலையில ஏறாது. படிச்சிட்டு எழுதினால் நல்லம். இது வைபர்னம் இலை வண்டு. ஐரோப்பாவில இருந்து வந்தது, 1978இல ஒட்டாவாப் பக்கம்தான் நிலைச்சுது. அந்த ஊர்க்காரருக்கே தெரியேல்லையெண்டால்...

மண்வெட்டி: திட்டினது போதும். பூவரசு, பூச்சிச் சவர்க்காரம் இலையின்ர அடிப்பக்கம் சொட்டச் சொட்ட அடிக்கவேணும். மேல்பக்கம் மட்டும் அடிச்சால் வீண், புழுவின்ர உடம்பில பட்டால்தான் அது சாகும். ஆறேழு நாளில இன்னொருக்கா. பிந்தினால் புழு மண்ணுக்குள்ள இறங்கிக் கூட்டுப்புழுவாகும். ஜூலையில வண்டாய் ஏறி, புதுத் தளிரையும் தின்னும்.

கொத்தமல்லி: பாத்திரம் கழுவுற சவர்க்காரம் காணாதோ? பிடிகே எண்ட பக்டீரியா மருந்தும் கலக்கலாம்.

வேர்முடிச்சு: பாத்திரச் சவர்க்காரம் இலையைக் கருக்கும். பிடிகே அந்துப்பூச்சிப் புழுவுக்கு மட்டும், வண்டுப் புழுவுக்கு ஏறாது.

கொத்தமல்லி: கருக்கேல்லை. அளவாப் போட்டால் ஒண்டும் ஆகாது.

வேர்முடிச்சு: அளவு என்ன? சொல்லுங்கோ பாப்பம்.

மண்வெட்டி: உங்கட சண்டை பிறகு. மருந்தைவிடக் கிளை வெட்டுறதுதான் பெரிய வேலை. ஒக்டோபர் தொட்டு ஏப்ரலுக்குள்ள நுனிக் கிளைகளின்ர அடிப்பக்கம் பாருங்கோ. வண்டு முட்டையை மூடின கபில மூடிகள் தையல் போட்ட மாதிரி வரிசையா இருக்கும். ஒண்டை நகத்தால கிள்ளினால் உள்ள எட்டு முட்டை மட்டில. கடைசி மூடிக்கும் கீழ வெட்டி, குப்பைப் பையில கட்டுங்கோ. செடிக்கடியில போட்டால் பொரிச்சுத் திரும்ப ஏறும். இப்ப வெட்டிப் பிரயோசனமில்லை, முட்டை எல்லாம் பொரிச்சிட்டுது. ரெண்டு மூண்டு வருசம் தொடர்ந்து மொட்டையானால் செடி போகும். என்ன வகை எண்டு சொல்லேல்லையே? டென்டாட்டம், ஒப்புலஸ் எண்டால் திரும்பத் திரும்ப வரும். கார்லெசிக்கு அவ்வளவா வராது.

பூவரசு: டென்டாட்டம்தான். சவர்க்காரம் அடிச்சன், குறைஞ்சிருக்கு. நன்றி.

மண்வெட்டி: அடிப்பக்கமோ? ரெண்டாந்தரம் அடிச்சீங்களோ?

கொத்தமல்லி: ஆள் போயிட்டார்.