பெர்மாஃப்ராஸ்ட் (ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் உறைமண்) மேல் தார் போட 10 செ.மீ. நுரைப்பலகை மட்டும் போதுமா?

கரைமட்டம் எழுதியது:
அலாஸ்காவின் உட்பகுதியில் 600 மீட்டர் கிராவல் சாலை ஒன்றுக்குத் தார் போட முன்மொழிவு. சாலையைத் தாங்கும் மண்கரையின் உயரம் 1.8 மீ. கீழே பனிக்கட்டி மிகுந்த வண்டல்மண், 150 மீ. நீளத்துக்குப் பனிக்கட்டி பட்டை பட்டையாகவே இருக்கிறது. 10 மீ. ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை −0.8 டிகிரி. காற்றின் கணக்கு: ஆண்டுக்கு உருகல் 1800 டிகிரி-நாள், உறைதல் 3000 டிகிரி-நாள் (பூஜ்யத்துக்கு மேலேயும் கீழேயும் போன அன்றாட டிகிரிகளைத் தனித்தனியே கூட்டிய தொகை). தெற்கு ஷோல்டரில் (சாலையின் ஓர விளிம்பில்) சாலை நெடுக ஏற்கெனவே விரிசல் ஓடுகிறது. தாருக்குக் கீழே 10 செ.மீ. எக்ஸ்பிஎஸ் (இறுக்கமான பாலிஸ்டைரின் நுரை) பலகை விரித்தால் உறைமண் பிழைக்குமா? மேலே வெள்ளை பெயின்ட் அடிக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்திருக்கிறது.

உறைமண் எழுதியது:
பலகையின் தடிமனைப் பேசுவதற்கு முன்னால் தார்ப்பரப்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையைப் போட்டுப் பாருங்கள். காற்றின் எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. பரப்புக்குப் பரப்பு ஒரு காரணியால் பெருக்க வேண்டும். கருப்புத் தாருக்குக் கோடையில் சுமார் 1.8, பனி வழித்த சாலைக்குக் குளிர்காலத்தில் 0.9 என்று வைத்தால்:

1800 × 1.8 = 3240 உருகல்
3000 × 0.9 = 2700 உறைதல்

உருகல் 540 மிச்சம். 365ஆல் வகுத்தால் தார்ப்பரப்பின் சராசரி +1.5 டிகிரி. காற்றின் சராசரி −3.3 ஆக இருந்தும் இந்த நிலை. இதே கணக்கைக் கிராவலுக்கு 1.4 வைத்துப் போட்டால் −0.5 வரும். அதாவது உங்கள் சாலை இத்தனை நாளும் விளிம்பில்தான் நின்றிருக்கிறது. தார் அதைத் தள்ளிவிடும்.

இனி பலகை. 10 செ.மீ. எக்ஸ்பிஎஸ் என்பது வெப்பத்தடையில் ஆறரை மீட்டர் கிராவலுக்குச் சமம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் தடை இரண்டு பக்கமும் வேலை செய்கிறது: கோடைச் சூட்டை மறிக்கிற அதே பலகை குளிர்காலக் குளிரையும் உள்ளே விடாது. மேலே சராசரி பூஜ்யத்துக்கு மேல் இருக்கும் வரை பலகை உருகலைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. குளிர்காலத்தில் மண்ணிலிருந்து வெப்பத்தை வெளியே இழுக்க இன்னொரு வழி வேண்டும்.

இன்னொன்று, −0.8 டிகிரி நிம்மதி தரும் எண் இல்லை. நுண்துகள் வண்டலில் பூஜ்யத்துக்குக் கீழேயும் கொஞ்சம் தண்ணீர் உறையாமல் நிற்கும். −0.3க்கு வந்தாலே வலு குறைந்து கரை மெதுவாக இழுபட ஆரம்பிக்கும்.

சரிவு எழுதியது:
மேலே உள்ள கணக்கு சரி, ஆனால் நடுச்சாலையைப் பற்றியது. சாலை முதலில் சாவது ஷோல்டரில். பனிக்கலப்பை தள்ளுகிற பனி முழுக்கச் சரிவில் குவிகிறது. குளிருக்கு அது கம்பளி போர்த்தின மாதிரி. அங்கே குளிர்காலக் காரணி 0.4க்கு இறங்கிவிடும். கோடைக்கு 1.2 வைத்தாலும் 2160 − 1200 = 960; சராசரி +2.6 டிகிரி. தாரைவிட மோசம்! ஒப்பிட, பக்கத்தில் பாசியும் புதரும் மூடிய, கை வைக்காத நிலத்துக்கு இரு பருவத்துக்கும் 0.4 வைத்தால் −1.3 வருகிறது.

உங்கள் தெற்கு விரிசல் இதனால்தான். கரையடி உருகி இறங்குகிறது, ஷோல்டர் வெளிப்பக்கம் சாய்கிறது, மேலே நெடுக்காகக் கிழிகிறது. தெற்குச் சரிவில் வெயிலும் சேர்கிறது. இறங்கின பள்ளத்தில் மழைநீர் தேங்கினால் கதை வேகமாகும். விரிசலுக்குள் தார் ஊற்றி அடைப்பது தண்ணீரைத் தடுக்கும், அவ்வளவுதான். காரணம் அங்கேயே இருக்கும்.

முதலில் செய்ய வேண்டியவை மலிவானவை. கரையடியில் தண்ணீர் தங்காதபடி விலக்குங்கள். அதற்காகக் கரையை ஒட்டி வாய்க்கால் வெட்டிவிடாதீர்கள், பாசியைக் கிழித்தால் அந்த வாய்க்காலே உருகும் பள்ளம் ஆகிவிடும். தள்ளி, மண் போட்டு உயர்த்தித் திருப்புங்கள். கல்வெர்ட்டில் (சாலைக்கு அடியில் போகும் நீர்க்குழாயில்) ஓடும் கோடை நீர் பெரிய வெப்பமூலம்; குழாயின் அடியிலும் பக்கத்திலும் பலகை வையுங்கள். சரிவுப் பனியைக் குளிர்காலத்தில் ஓரிரு முறை அகற்ற முடிந்து, காரணி 0.7க்கு ஏறினால் +2.6 என்பது +0.2 ஆகிவிடும். பராமரிப்புப் பட்ஜெட்டில் இதற்கு இடம் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

ஜல்லிக்கல் எழுதியது:
வெப்பத்தை வெளியே இழுக்க நடைமுறையில் இரண்டு வழி.

ஒன்று, கல் அடுக்கு. 150 முதல் 300 மி.மீ. வரை உள்ள உடைகல், தூள் இல்லாமல். குளிர்காலத்தில் மேல்பக்கக் காற்று குளிர்ந்து கனமாகி இடைவெளிகளில் இறங்கும், அடியிலுள்ள இளஞ்சூட்டுக் காற்று மேலேறும். கோடையில் சூடு மேலே இருப்பதால் காற்று அசையாது, அடுக்கு வெறும் காப்பாக நிற்கும். தாமாக ஒருவழியில் வெப்பம் கடத்துகிற அமைப்பு. ஃபேர்பேங்க்ஸின் தாம்சன் டிரைவிலும், யூகானில் பீவர் கிரீக் சோதனைப் பகுதியிலும், சிங்காய்–திபெத் ரயில்பாதையிலும் இந்த முறை உண்டு.

கெடுவது எப்போதும் தூளால். குவாரியில் சல்லடை போட்டே ஏற்றுங்கள். கல் மேல் ஜியோடெக்ஸ்டைல் (மண்ணைத் தடுக்கும் துணி) விரிக்காமல் கிராவல் கொட்டினால் அது கீழே வடிந்து இடைவெளியை அடைக்கும். இந்தக் காற்றோட்டம் நடக்கக் கரைக்குள் 1.5 முதல் 2 மீ. கல் வேண்டும், உங்கள் 1.8 மீ. கரையைக் கிட்டத்தட்டப் புதிதாகக் கட்டுவதற்குச் சமம். எனவே அந்த 150 மீட்டருக்கு மட்டும் முழு அடுக்கு, மற்ற இடங்களில் தெற்குச் சரிவு மேல் ஒரு மீட்டர் கல் போர்வை என்றுதான் நான் போவேன்.

இரண்டு, தெர்மோசைஃபன். அடைத்த எஃகுக் குழாய்க்குள் கார்பன் டை ஆக்சைடு. மண்ணுக்குள் ஆவியாகி, மேலே துடுப்பு வைத்த பகுதியில் குளிர்ந்து திரவமாகி வழிந்து இறங்கும். காற்று மண்ணைவிடக் குளிராக இருக்கும்போது மட்டும் ஓடும். மின்சாரம் வேண்டாம். பூஜ்ய டிகிரியில் உள்ளே சுமார் 35 பார் அழுத்தம், வெல்டிங்கில் ஊசிமுனைக் கசிவு இருந்தாலும் குழாய் செத்துவிடும். குளிர் நாளில் வெப்பக் கேமராவில் பாருங்கள்: துடுப்பு காற்றைவிடச் சூடாகத் தெரிந்தால் உயிரோடு இருக்கிறது. துடுப்பு பனிக்கு மேலே, கலப்பைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். இந்தக் குழாய்க்கு மேலே எக்ஸ்பிஎஸ் போடுவது முழு அர்த்தம் உள்ள வேலை; குளிர்காலத்தில் இழுத்த குளிரைக் கோடையில் அது காக்கும்.

பலகை போடுவதானால் மார்ச்–ஏப்ரலில், மண் மிகக் குளிர்ந்திருக்கும்போது மூடுங்கள். ஆகஸ்ட்டில் மூடினால் சூட்டைப் பூட்டி வைத்த மாதிரி. இரண்டு 5 செ.மீ. அடுக்குகள், மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல். மேலே குறைந்தது 50 செ.மீ. கிராவல் வேண்டும், குறைந்தால் இலையுதிர்காலத்தில் அந்தத் துண்டு மட்டும் முன்னதாகப் பனிப்பூச்சு கண்டு வழுக்கும். லாரி பலகை மேல் ஏறக் கூடாது, கொட்டிக் கொட்டி முன்னே தள்ள வேண்டும். சாதாரண வெள்ளைத் தெர்மாகோல் வேண்டாம், தண்ணீர் குடிக்கும்.

கரைமட்டம் எழுதியது:
நன்றி. வெள்ளை பெயின்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஷோல்டர் கணக்கைப் பார்த்த பிறகு பெயின்ட் அவசியமா என்றும் தெரியவில்லை.

உறைமண் எழுதியது:
இயற்பியல் சரிதான். கிரீன்லாந்தின் தூலே விமானத்தளத்தில் 1953இல் ஓடுபாதைக்கு வெள்ளை அடித்தார்கள். காங்கர்லுசுவாக் விமானநிலையத்தில் 2000இல் விமான நிறுத்துமிடத்தின் ஒரு பகுதிக்கு அடித்தார்கள். உங்கள் கணக்கில் காரணி 1.8இலிருந்து 1.2க்கு இறங்கினால் +1.5 என்பது −1.5 ஆகும்.

ஆனால் விமான நிறுத்துமிடம் வேறு, லாரி ஓடும் சாலை வேறு. பெயின்ட் தாரின் சொரசொரப்பை மூடிவிடும். மணல் கலந்து அடித்தாலும் ஈரத்தில் பிடிப்பு குறையும். பனிக்கலப்பையும் சக்கரமும் தேய்க்கும், புழுதி படியும், திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். சாலைக்கு வெளிர் நிறச் சிறுஜல்லி பதித்த மெல்லிய தார்ப்பூச்சு மேல். பெயின்ட் அளவு குளுமை தராது, ஆனால் பிடிப்பு இருக்கும், பள்ளம் விழுந்தால் கிளறிச் சமன்படுத்தி மறுபடி பூசலாம். தடித்த அஸ்பால்ட்டை அப்படிச் செய்ய முடியாது. அந்த 150 மீட்டரைக் கிராவலாகவே விட்டுவிடுவதையும் முன்மொழிவில் ஒரு மாற்றாகச் சேருங்கள்.

சரிவு எழுதியது:
எதைக் கட்டினாலும் கட்டுவதற்கு ஒரு வருடம் முன்பே தெர்மிஸ்டர் (வெப்பநிலை உணரி) கோத்த கம்பி இறக்கிவிடுங்கள். நடுச்சாலை, இரு ஷோல்டர், கரையடி, கை வைக்காத நிலம் என ஐந்து துளை, 4 மீ. வரை அரை மீட்டருக்கு ஒன்று, பிறகு 12 மீ. வரை மீட்டருக்கு ஒன்று. இறக்கும் முன் ஒவ்வொன்றையும் பனிக்கட்டி கலந்த நீரில் பூஜ்யத்துக்குச் சரிபாருங்கள். உங்கள் மண்ணில் 0.2 டிகிரி பிழை என்றால் அளவீடே வீண்.