ஆறு அங்குல மூடாக்கு போட்டால் களையே எடுக்க வேண்டாமா?

களைக்கொத்து:
எங்கள் சமூகப் பண்ணைக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு என்று கருவி அறைக் கதவில் ஒரு குறிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அதில் மூடாக்கு பற்றி, அதாவது மண்ணை மூடி வைக்கோல் பரப்புவது பற்றி, ஒரு வரி: "ஆறு அங்குலம் மூடாக்கு போட்ட பாத்தியில் களை எடுக்க வேண்டியதில்லை." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இந்த ஒரு வரியை நம்பி மழைக்காலக் களையெடுப்பையே வேலை அட்டவணையிலிருந்து தூக்கிவிட்டார்கள். இப்போது தக்காளிப் பாத்தியில் போய்ப் பாருங்கள். வைக்கோலுக்கு மேலே கோரை விறைத்துக்கொண்டு நிற்கிறது. பிளாஸ்டிக் தாளையே குத்திக்கொண்டு வருகிற செடி அது. வைக்கோல் எம்மாத்திரம்? எழுதியவர் ஒரு கோரைக்கிழங்கையாவது தோண்டிப் பார்த்திருந்தால் இப்படி எழுதக் கை வந்திருக்காது.

சருகு:
நான்தான் எழுதினேன். "எழுதியவர்"னு மறைச்சுப் பேச வேண்டாம், நேராவே கேளுங்க. நான் எழுதினது ஆறு அங்குலம். அந்தத் தக்காளிப் பாத்தியில இருக்கிறது ஆறு அங்குலமா? விரலை விட்டா மண்ணு தட்டுது. மூணு அங்குலம்கூட இல்ல. அரைகுறையா போட்டுட்டு மூடாக்கைக் குறை சொன்னா எப்படி? சின்ன விதைக் களைகள்ல பெரும்பாலானதுக்கு முளைக்க வெளிச்சம் வேணும். வெளிச்சத்தை அடைச்சா விதை அப்படியே கிடக்கும்.

களைக்கொத்து:
போட்ட அன்று ஆறு அங்குலம்தான். நானே பக்கத்தில் நின்றேன். ரெண்டு நல்ல மழை பெய்ததும் படிந்து பாதியாகிவிட்டது. வைக்கோல் படியும், மக்கும், அதற்காகத்தானே போடுகிறோம்? "படிந்த பிறகும் ஆறு அங்குலம்" என்று உங்கள் குறிப்பில் எங்கே இருக்கிறது? அப்புறம், விதை விதை என்கிறீர்களே, கோரை விதையிலிருந்தா வருகிறது? கிழங்கிலிருந்து வருகிறது. மேலே வெளிச்சத்தைத் தொடும்வரை வளர்வதற்கு வேண்டிய மாவுச்சத்தை அந்தக் கிழங்கே வைத்திருக்கிறது. 1977இல் களை ஆய்வாளர் லெராய் ஹோமும் கூட்டாளிகளும் உலகத்துக் களைகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் கொடுத்தது கோரைக்குத்தான். அதை ஒரே வரியில் ஒழித்துவிட்டீர்கள்.

வாய்க்கால்:
முதல்ல களைன்னா எதுன்னு முடிவு பண்ணிட்டுப் பேசலாமே. போன பட்டத்துல விழுந்த விதையில தானா முளைச்ச தக்காளி நாத்து களையா? தேனீ வரட்டும்னு ஓரத்துல விட்டு வச்ச செடி களையா? கோரை, அருகு மாதிரி நிலைச்சு நிக்கிறதும், ஒரு பருவத்துல முளைச்சுக் காய்ஞ்சு போறதும் ஒண்ணா? அதைப் பிரிக்காம அங்குலத்தைப் பிடிச்சு இழுத்துட்டே இருக்கீங்க.

சருகு:
அங்குலம்தான் விஷயமே. ரூத் ஸ்டவுட்னு ஒரு அமெரிக்கத் தோட்டக்காரம்மா, 1884ல பிறந்து 1980 வரைக்கும் இருந்தவங்க. வருஷம் பூரா காய்ஞ்ச புல்லைப் பரப்பியே காய்கறி எடுத்தாங்க. மண்ணைக் கொத்தவே இல்ல. ஜப்பான்ல இயற்கை விவசாயம் பண்ணின ஃபுகுவோகாவும் உழவும் இல்ல, கொத்திக் களை எடுக்கவும் இல்ல. இவங்களைவிட நம்ம களைக்கொத்து சார் பெரிய ஆளா?

களைக்கொத்து:
ரூத் ஸ்டவுட் சொன்னது எட்டு அங்குலம். ஆறு இல்லை. அதோடு, களை தலைகாட்டினால் அதன்மேல் இன்னும் ஒரு கை புல்லைப் போடு என்பதும் அவர் சொன்னதுதான். அதற்கும் ஆள் வரவேண்டும், பாத்தியைச் சுற்றிப் பார்க்கவேண்டும், குனியவேண்டும். அதுவும் களை வேலைதான்.

ஃபுகுவோகாவைப் பாதியோடு நிறுத்தாதீர்கள். களையை அடியோடு ஒழிக்காதே, கட்டுப்படுத்து என்பதுதான் அவர் நிலை. அதற்கு வைக்கோலை மட்டும் நம்பவில்லை. வெள்ளைக் குளோவர் என்ற படர்செடியைத் தரைமூடியாக விதைத்தார், நெல் வயலில் கொஞ்ச நாள் தண்ணீரும் கட்டினார். தொடக்கத்தில் அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவாத்து செய்யாமல் அப்படியே விட்டார். கிளைகள் ஒன்றோடொன்று சிக்கி, பூச்சி விழுந்து மரங்கள் பட்டுப்போயின. இயற்கை விவசாயம் வேறு, கைவிடுவது வேறு என்று அதற்குப் பிறகு அவரே பிரித்துச் சொன்னார். நீங்கள் அட்டவணையிலிருந்து களையெடுப்பைத் தூக்கியது இதில் எந்த வகை?

ஓரப்பாத்தி:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. கோரை ஏன் இவ்வளவு பெருகிச்சுன்னு நான் சொல்றேன். தக்காளிப் பாத்தியில ஒரு பிடி மண்ணை அள்ளி உதிர்த்துப் பாருங்க. கறுப்பா, கடினமா, சின்னச் சின்னக் கிழங்கு, நடுவுல மெல்லிய வேர்த்தண்டு கோத்து, அறுந்த மணிமாலை மாதிரி வரும். மாலை முழுசா இருக்கிறவரைக்கும் நுனியில இருக்கிற கிழங்குதான் முளைக்கும், மத்தது தூங்கும். மண்வெட்டி பட்டு அறுந்துச்சுன்னா ஒவ்வொண்ணும் தனியா முளைக்கும். போன பட்டத்துல அந்தப் பாத்தியை மாங்கு மாங்குன்னு கொத்தினது யாரு? களைக்கொத்து அண்ணன்தானே. ஒண்ணு இருந்த இடத்துல பத்தாக்கிட்டு இப்ப வைக்கோல்மேல பழி.

சருகு:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. இதைத்தான் நான் தொண்டை வத்தச் சொல்றேன். ஆறு அங்குலம் போட்டு, கொத்தாம விட்டிருந்தா இந்த நிலைமை வந்திருக்காது.

களைக்கொத்து:
அக்கா, நான் கொத்தியது கோடையில். கிழங்கைத் தோண்டி மேலே போட்டு வெயிலில் காயவைத்தால் அது செத்துப்போகும், ஈரம் வற்றினால் தாங்காது. பெரும்பாலான கிழங்குகள் மேல் அரையடிக்குள்தான் கிடக்கும், கைக்கு எட்டும். என் திட்டம் அதுதான். அதற்குள் யாரோ சொட்டுநீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் போனார்கள். பாத்தி முழுக்க ஈரம். காய்ந்திருக்க வேண்டிய கிழங்கெல்லாம் முளைத்தது. அன்றைக்கு நீர் பாய்ச்சும் முறை யாருடையது என்று அட்டவணையைப் பாருங்கள், சருகு சார்.

ஒன்று மறக்காதீர்கள். முளைத்து இலை விட்ட சில வாரங்களிலேயே கோரை புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். அதற்குள் வெட்டிக்கொண்டே இருந்தால் கிழங்கு மெலியும். விட்டால் பெருகும். இதைத்தான் களையெடுப்பு என்கிறோம். இதைத்தான் உங்கள் ஆறு அங்குலம் வேண்டாம் என்கிறது.

சருகு:
அன்னைக்கு நாத்து வாடிட்டு இருந்துச்சு, தண்ணி விட்டேன். நாத்தைச் சாகவிட்டிருக்கணுமா? பக்கத்துப் பாத்தியில நாத்து இருக்கும்போது இங்க கோடைக்கொத்து போடலாமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? எதையும் யாரையும் கேட்டுச் செய்யறது உங்க வழக்கமே இல்ல.

நாற்றங்கால்:
நான் வேறு ஒரு பண்ணையில் வேலை பார்க்கிறவன். நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மழைக்காலத்தில் இளநாற்றைச் சுற்றி ஆறு அங்குலம் என்பதே எனக்குப் பயமாக இருக்கிறது. தண்டை ஒட்டிப் போட்டால் அடித்தண்டு அழுகும். நத்தைக்கும் அது நல்ல மறைவிடம். நாங்கள் நாற்றுப் பருவத்தில் ரெண்டு மூன்று அங்குலம்தான் போடுவோம், தண்டைச் சுற்றி ஒரு கையளவு இடம் விடுவோம், செடி உயர உயர ஏற்றுவோம். தடிமனைவிட முக்கியம், எதைப் போடுகிறீர்கள் என்பது. உங்களுக்கு வந்தது வைக்கோலா, விதை பிடித்த காய்ந்த புல்லா? புல்லாக இருந்தால் களை விதையை நீங்களே தூவுகிறீர்கள். அந்தப் புல் வளர்ந்த இடத்தில் எந்தக் களைக்கொல்லி அடித்தார்கள் என்றும் கேளுங்கள். அமினோபைராலிட் என்ற களைக்கொல்லி அடித்த புல்லைத் தின்ற மாட்டின் எருவிலும் அது தங்கும். 2008இல் பிரிட்டனில் அந்த எருவைப் போட்ட தோட்டங்களில் தக்காளியும் பீன்ஸும் சுருண்டுபோய், அந்த மருந்தின் விற்பனையையே கொஞ்ச காலம் நிறுத்தினார்கள்.

களைக்கொத்து:
கேட்டுக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்கிறார். ஆறு அங்குலம் நாற்றுக்கே ஆகாது.

சருகு:
அவர் மூடாக்கே வேண்டாம்னு சொல்லல. ஏத்திட்டே போகணும்னு சொல்றாரு. ஏத்தினா எங்க வந்து நிக்கும்? ஆறு அங்குலத்துல.

நாற்றங்கால்:
நான் சொன்னது அதில்லை ஐயா.

சனிக்கிழமை:
எனக்கு ஒண்ணு கேக்கணும். இங்க எழுதறவங்க எல்லாம் வாரத்துல பாதி நாள் பண்ணையில இருக்கிறவங்க. என்னை மாதிரி சனிக்கிழமை மட்டும் வர்றவங்களுக்கு அந்த வரி எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? மழைக்காலத்துல சேத்துல உக்காந்து களை பிடுங்கவே ஒரு காலை போயிடுது. நடவோ விதை எடுக்கிறதோ கத்துக்கவே நேரம் கிடைக்கல. களையெடுப்பை மறுபடி அட்டவணையில போட்டா அது யார் தலையில விழும்? எங்க தலையிலதான்.

களைக்கொத்து:
களை பிடுங்குவது கற்றுக்கொள்ளும் வேலை இல்லை என்று யார் சொன்னது? தண்டை உருட்டிப் பார்த்துக் கோரையா புல்லா என்று சொல்ல எத்தனை பேருக்குத் தெரியும்? கோரைத் தண்டு முக்கோணமாக இருக்கும், விரலில் உருட்டினால் மூன்று விளிம்பும் தட்டும். புல்லின் தண்டு உருண்டை. இதைக்கூடப் பார்க்காமல் அறுவடை அன்று மட்டும் கூடையோடு வந்து நிற்பவர்களைப் பற்றி நான் இதுவரை வாய் திறந்ததில்லை.

சனிக்கிழமை:
இப்பத் திறந்துட்டீங்க. கூடையோட வந்து நிக்கிறது யாருன்னு பேரைச் சொல்லுங்க. போன அறுவடையில நான் எடுத்தது ஒரு பை. கத்திரிப் பாத்திக்குப் பந்தல் போட்டதும் நாங்கதான்.

ஓரப்பாத்தி:
பங்குப் பேச்சு வேண்டாம். உறுப்பினர் முன்னாடியே பணம் கட்டி, பட்டம் முழுக்க விளைச்சல்ல பங்கு வாங்கிக்கிற பண்ணை வேற. ஜப்பான்ல 1970கள்ல தெய்கெய்னு வளர்ந்துச்சு, 1986ல அமெரிக்காவுல ரெண்டு பண்ணை ஆரம்பிச்சுது. அங்க பங்குக்குக் கணக்கு உண்டு. நம்மளது வர்றவங்க கையால ஓடுது. மணிக்கணக்கைப் பார்த்துப் பங்கு பிரிக்க ஆரம்பிச்சா முடியாதவங்க யாரும் வர மாட்டாங்க.

வாய்க்கால்:
அப்போ தன்னார்வலர்னா யாருங்கிறதையும் சேர்த்தே முடிவு பண்ணணும். களைக்கும் விளக்கம் இல்ல, தன்னார்வலருக்கும் விளக்கம் இல்ல.

சருகு:
பங்கு, பந்தல் எல்லாம் அப்புறம். களைக்கொத்து சார், பிடுங்கின கோரையை எல்லாம் மக்குக் குவியல்ல கொண்டுபோய்க் கொட்டினது நீங்கதானே? அந்த மக்குதான் இந்தப் பட்டத்துல தக்காளிப் பாத்திக்கு வந்துச்சு. வைக்கோலுக்கு அடியில நீங்க போட்ட மக்கு, அதுக்குள்ள நீங்க போட்ட கிழங்கு. அப்புறம் எத்தனை அங்குலம் போட்டா என்ன?

களைக்கொத்து:
குவியல் சூடேறினால் கிழங்கும் சாகும், விதையும் சாகும். அமெரிக்க இயற்கை வேளாண் விதியே, திறந்த வரிசைக் குவியல் 55 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் 15 நாள் இருக்கவேண்டும், அதற்குள் குறைந்தது 5 முறை புரட்டவேண்டும் என்கிறது. ஓரத்தில் கிடப்பது நடுச்சூட்டுக்குள் போவதற்குத்தான் புரட்டுவது. நம் குவியலைப் புரட்டும் முறை யாருக்கு இருந்தது? எட்டிப் பார்க்கக்கூட ஆள் வரவில்லை. மேல்புறம் பச்சைப் புல் கட்டியாகக் கிடந்தது, நடுவில் கை வைத்தால் சூடே இல்லை. நான் போட்டது சரி. புரட்டாதவர்கள் பதில் சொல்லட்டும்.

"அப்புறம் எத்தனை அங்குலம் போட்டா என்ன" என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் அந்த வரி எதற்கு? கிழித்துப் போடுங்கள்.

சருகு:
கிழிக்க மாட்டேன். கிழங்கு கலந்த மக்கு போடாத பாத்தி மூணு இருக்கு. அங்க ஆறு அங்குலம் அப்படியே நிக்குது. ஒரு களை இல்ல. போய்ப் பார்த்துட்டு வந்து பேசுங்க.

களைக்கொத்து:
பார்த்தேன். மூன்றாவது பாத்தியின் தெற்கு ஓரத்தில் அருகு உள்ளே ஓடிவந்து கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கிறது. மூடாக்கை நிமிர்த்தினால்தான் தெரியும், மேலே நின்று பார்த்தால் தெரியாது. நீங்கள் மேலே நின்று பார்க்கிறவர்.

ஓரப்பாத்தி:
அருகு பாதையிலேர்ந்து வருது. பாதை ஓரத்தை வெட்டி விடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன். யாரும் காதுல போட்டுக்கல.

சனிக்கிழமை:
ஓரம் வெட்டலாம்னு போனா கருவி அறையில ஒரு களைவெட்டியும் இல்ல. இருந்த ரெண்டும் காணோம். யாரு எடுத்துட்டுப் போனது?

சருகு:
களைவெட்டி யார்கிட்ட இருக்கும்னு பேரைப் பார்த்தாலே தெரியுதே.

களைக்கொத்து:
ஒன்று என்னிடம் இருக்கிறது. பிடி ஆடியது, ஆப்பு அடித்துக்கொண்டிருக்கிறேன். இன்னொன்று எனக்குத் தெரியாது. பேச்சை மாற்றாதீர்கள். ஞாயிறு காலை அளவுகோலோடு வருகிறேன். எல்லாப் பாத்தியையும் அளப்போம். ஆறு அங்குலம் இருந்தும் களை இருக்கிற பாத்தி ஒன்று கிடைத்தாலும் அந்தக் குறிப்பு கதவில் இருக்கக்கூடாது.

சருகு:
அளங்க. ஆனா வெள்ளிக்கிழமை புதுசா பரப்பின பிறகுதான் அளக்கணும். படிஞ்சு போனதை அளந்து ஆறு இல்லன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

களைக்கொத்து:
படிந்ததைத்தான் அளப்பேன்.