ஏற்காடு வளைவுகளில் பின்பக்கம் 'டொக்' சத்தம்: பீம் புஷ்ஷா, ஸ்பிரிங் சீட்டா?

வண்டி 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 92,000 கி.மீ. ஓடியது. பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்), டிரம் பிரேக். இரண்டு மாதமாக வலது பின்சக்கரப் பக்கம் கனமாக ஒரே ஒரு 'டொக்'.

சேலம் டவுனுக்குள் வேகத்தடையில் எப்போதாவதுதான் கேட்கும். அடிவாரம் தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கினால் தெளிவாகக் கேட்கும், அதுவும் வலப்பக்க வளைவில் மட்டும். உள்சக்கரத்தில் பாரம் குறைந்து, ஸ்டியரிங்கை நேராக்கும்போது பாரம் திரும்ப இறங்கும் அந்த நொடியில் அடிக்கிறது. பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் பாதியாகக் குறைகிறது. வேகத்தோடு ஏறும் 'உய்ங்' சத்தம் இல்லை.

இதுவரை பார்த்தவை: ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் இறக்கிவிட்டு ஓட்டியாச்சு. பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் மேல் மவுண்ட்டோடு புதுசு. ஜாக்கியில் தூக்கி சக்கரத்தை மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் ஆட்டினால் பேரிங்கில் ஆட்டம் இல்லை. டிரம்மைத் திறந்து ஷூ, ஸ்பிரிங் பார்த்தாச்சு. சைலன்சர் ரப்பரும் மாற்றியாச்சு. ஹேண்ட்பிரேக்கை லேசாக இழுத்து ஓட்டினாலும் சத்தம் மாறவில்லை, அதனால் பிரேக் மேல் சந்தேகம் இல்லை.

மிச்சம் இருப்பது பீம் புஷ்ஷும் (பீம் பாடியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர்), காயில் ஸ்பிரிங்கின் கீழ் ரப்பர் சீட்டும்தான். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போது புஷ் நன்றாகவே தெரிகிறது. பாரம் இல்லாத நிலையில் பார்ப்பதை நம்ப முடியாது. புஷ் மாற்ற பீமையே இறக்கி பிரஸ்ஸில் போடவேண்டும், பெரிய வேலை.

பீமை இறக்காமல், சக்கரம் தரையில் இருக்கும்போதே இந்த இரண்டில் எது என்று உறுதிசெய்ய என்ன வழி?