அம்மாவின்ர சீனி வருத்தத்துக்கு இனி ஆரிட்டக் காட்டுறது?

பனங்கூடல்:
அம்மாவுக்கு 61 வயசு. சீனி வருத்தம் வந்து 14 வருசம். கிட்ட இருக்கிற அரசாங்கக் கிளினிக்கிலதான் மருந்து, இரண்டு வருசமா இன்சுலினும் போடுறா. போன கிழமை இரத்தத்தில எடுத்த எச்பிஏ1சி 9.4. கனடாவில இருக்கிற தம்பி ஒரே பிடி, யாழ்ப்பாணத்தில அகஞ்சுரப்பியல் நிபுணர் (சீனி, ஓமோன் வருத்தங்களுக்கான பெரிய டொக்டர்) ஒருத்தரைச் சனல் பண்ணி, அதாவது தனியாரில காசு கட்டிப் பதிஞ்சு, காட்டு எண்டு. அம்மா, பழகின டொக்டரை விடமாட்டன் எண்டுறா. என்ன செய்யிறது?

சுதுமலை:
தம்பி சொல்லுறதைக் கேளுங்கோ. எச்பிஏ1சி எண்டது இரத்தத்தில சீனி நிண்ட இரண்டு மூண்டு மாசக் கணக்கு. காலமை ஒருநாள் பட்டினி கிடந்து அதைக் குறைக்க ஏலாது. 7க்குக் கிட்ட நிக்கவேண்டியது 9.4. இன்னும் என்னத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது?

கல்வியங்காட்டான்:
நான் மாறித்தான் சொல்லுவன். போன வருசம் மனுசியை ஒரு தனியார் இடத்தில சனல் பண்ணிக் காட்டினன். வாங்கில இரண்டரை மணித்தியாலம், உள்ளுக்க நாலு நிமிசம். செருப்பைக் கழட்டு எண்டுகூடச் சொல்லேல்லை. கிளினிக்கில காலைப் பார்க்கினம், கண்ணுக்கு எழுதினம், சிறுநீரகத்துக்காகச் சலத்தில அல்புமின் எண்ட புரதம் போகுதோ எண்டு பார்க்கினம். எல்லாம் ஒரே கொப்பியில கிடக்கு.

சுதுமலை:
அது அந்த டொக்டர்ர பிழை அண்ணை. என்ர பெறாமகளுக்கு 19 வயசில வந்தது. குளுசையைக் கூட்டிக் கூட்டிக் குடுத்தினம், பிள்ளை மெலிஞ்சு எலும்பாப் போச்சு. அகஞ்சுரப்பியல் நிபுணர்தான் இது முதலாம் வகை, குளுசை கேக்காது எண்டு இன்சுலினுக்கு மாத்தினவர். உங்கட கொப்பி அதைச் சொன்னதோ?

கல்வியங்காட்டான்:
இளம் பிள்ளையள், பிள்ளைத்தாச்சியள், அடிக்கடி சீனி விழுந்து மயங்கிறவை கட்டாயம் போகோணும். ஆர் இல்லையெண்டது? இது வயசான மனுசிக்கு வந்த இரண்டாம் வகை. ஏன் 9.4 எண்டு முதல் பாருங்கோ. குரக்கன் எண்டு சொல்லி ஒரு நீத்துப்பெட்டிப் புட்டையும் முடிக்கிற சனம் நாங்கள்.

ஊசிக்காரி:
நான் கனகாலம் கிளினிக்கில நிண்ட தாதி. இரண்டு பேரும் டொக்டரை வைச்சே சண்டை பிடிக்கிறியள். பனங்கூடல் தம்பி, அம்மா இன்சுலின் எவ்விடத்தில போடுறா? அந்த இடத்தை ஒருக்காத் தடவிப் பாருங்கோ.

பனங்கூடல்:
இப்பதான் பார்த்தன் அக்கா. தொப்புளுக்கு வலப்பக்கம், எப்பவும் அதே இடம். "அதில குத்தினா நோகாது" எண்டுறா. தேசிக்காயளவில ரப்பர் மாதிரி மெத்தெண்டு ஒரு வீக்கம். ஒருத்தரும் இவ்வளவு நாளும் தொட்டுப் பார்க்கேல்லையாம்.

ஊசிக்காரி:
அது கொழுப்புத் தடிப்பு. ஒரே இடத்தில குத்தக் குத்த வாறது. நோகாதெண்டு சனம் அதிலயே குத்தும். அதுக்குள்ள போற மருந்து ஒருநாள் ஊறும், ஒருநாள் ஊறாது. ஆனா நாளைக்கே இடத்தை மாத்தி அதே யூனிட்டைப் போட்டிடாதேங்கோ. தடிப்பில்லாத நல்ல இடத்தில மருந்து முழுசா ஏறி, சீனி விழுந்திடும். கிளினிக்கில காட்டி, அளவைக் கேட்டு, வீட்டில சோதிச்சுக்கொண்டுதான் மாத்துறது. கலங்கல் இன்சுலின் எண்டா, போட முதல் உள்ளங்கையில வைச்சு உருட்டவேணும், குலுக்கக்கூடாது.

சுதுமலை:
இதைக்கூடப் பார்க்காத கிளினிக்குக்குத்தானோ அண்ணை இவ்வளவு வக்காலத்து?

கல்வியங்காட்டான்:
பிடிச்சது ஒரு கிளினிக் தாதி. நிபுணரில்லை.

சுதுமலை:
சரி, மூண்டு மாசத்தால திரும்ப எடுக்கட்டும். அப்பவும் 9இல நிண்டா?

கல்வியங்காட்டான்:
நிண்டா கிளினிக்கில துண்டு வாங்கிக்கொண்டு போதனா வைத்தியசாலைக்குப் போகட்டும். அங்க காசில்லை, கொப்பியும் கூடப்போகும். சனலுக்கு நான் ஓமெண்டமாட்டன்.

பனங்கூடல்:
எல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அந்த ஊசிக்காரப் பிள்ளையைச் சனல் பண்ண எவ்வளவு எண்டு கேக்கிறா.