எல்.சி. திறந்த வங்கி பணம் தர மறுக்கிறது: அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

புறக்கோட்டையிலிருந்து கறுவா ஏற்றுமதி செய்கிறோம். மெக்சிக்கோ வாங்குநருக்காக அவர் வங்கி திறந்தது சைட் எல்.சி. (ஆவணங்கள் சரியாக இருந்தால் காட்டியவுடனே பணம் தருவதாக வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம்). அது எல்.சி.களுக்கான சர்வதேச விதித்தொகுப்பான யூசிபி 600க்கு உட்பட்டது. வேறெந்த வங்கியும் கன்ஃபேர்ம் செய்யவில்லை, அதாவது பணம் தருவதாகத் தன் பங்குக்கு உறுதி சேர்க்கவில்லை. போன மாதக் கடைசியில் சரக்கு கொழும்பில் கப்பலேறியது. 21 நாள் கெடுவுக்குள் ஆவணங்களைக் கொடுத்துவிட்டோம்.

மறுப்புக்குச் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று. எல்.சி.யில் சரக்கின் பெயரும் தரமும் 'சிலோன் சினமன் குவில்ஸ் (கறுவாச் சுருள்), சி5 ஸ்பெஷல்' என்றிருக்கிறது. பில் ஒஃப் லேடிங்கில் (கப்பல் கம்பனி தரும் சரக்கேற்றுப் பத்திரம்) வெறும் 'சினமன் குவில்ஸ்'. இன்வொய்ஸ் எழுத்துக்கு எழுத்து எல்.சி.யோடு பொருந்துகிறது. மற்ற ஆவணங்களில் முரண்படாத பொதுப் பெயர் போதும் என்று யூசிபி 600இன் 14(e) பிரிவு தெளிவாகவே சொல்கிறது. வங்கி பார்ப்பது சரக்கை அல்ல, ஆவணங்களைத்தான். அந்த ஆவணங்கள் சரியாக இருந்தும் மறுப்பது அநியாயம்.

எங்கள் வங்கியிடம் போனால், வாங்குநரிடம் வேவர் (குறையைப் பொருட்படுத்தாமல் ஏற்கும் சம்மதம்) வாங்கிக்கொள்ளுங்கள் என்று கைவிரித்துவிட்டது. வாங்குநரோ வேவருக்கு விலையைக் குறைக்கச் சொல்கிறார். பில் ஒஃப் லேடிங்கைத் திருத்த கப்பல் கம்பனி அதன் மூலப் பிரதிகள் முழுவதையும் கேட்கிறது. அவை இருப்பதோ மறுத்த வங்கியின் கையில். கப்பல் மெக்சிக்கோவின் மன்சானியோ துறைமுகம் போய்ச் சேர்ந்தால் அப்புறம் டெமரேஜ் (சரக்கு எடுக்கத் தாமதமானால் வரும் கட்டணம்) வேறு.

14(e) பிரிவைக் காட்டி மறுப்பை எதிர்த்துப் பணம் எடுத்தவர்கள், உங்கள் வங்கி எல்.சி. திறந்த வங்கிக்கு அனுப்பிய ஸ்விஃப்ட் (வங்கிகளுக்கிடையிலான செய்தி வலையமைப்பு) செய்தியில் என்ன எழுத வைத்தீர்கள்?